மத்தியான வெயிலில் ரேம் பார்த்த அக்கா

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேருக்கு அவரைத் தெரிந்துவிடும். உத்திரமேரூருக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் தெரிந்தது போதாதா? அவர் கடையை எடுத்துவிட்டு மகளோடு ஓசூருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் என் கடை வாசலில் நின்று, என்னிடமே கேட்கிறார்கள்: "எதிர்ல ஒரு அக்கா இருந்தாங்களே, ரேம் பாத்துச் சொல்லுவாங்களே, எங்க பூட்டாங்க?" சிரித்த முகமாகப் பதில் சொல்கிறேன். கடை நடத்துகிறவன் வேறு என்ன செய்ய முடியும்.

ரேம் என்பது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ஒரு பட்டை. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. மெஷின் வேலை செய்கிற நேரத்தில் செய்கிற வேலையெல்லாம் அதன் மேல்தான் நிற்கும். அது சொத்தையாக இருந்தால், பாதி வேலையில் திரை உறைந்துபோகும், செய்தது மொத்தமும் போகும். கேம் ஆடுகிறவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், தாங்களே பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டுகிற பைத்தியங்கள், இவர்களுக்கெல்லாம் தலையாய கேள்வி ஒன்றுதான்: எந்தக் கம்பெனி ரேமை நம்பலாம்?

அந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை. மூன்று வருஷம் ஹார்டுவேர் டிப்ளமா படித்தவன் நான். பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் கடை, கண்ணாடிக் கதவு, வாசலில் லைட் போட்ட போர்டு. யாராவது கேட்டால் எந்தக் கம்பெனி எத்தனை வேகம், எத்தனை வருஷம் வாரண்டி என்று கால் மணி நேரம் மூச்சு விடாமல் சொல்லுவேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிண்ணா, இதோ வந்துடறேன்" என்று ரோட்டைத் தாண்டி அக்காவிடம் போவார்கள். திரும்பி வர மாட்டார்கள்.

அவர் கடையைக் கடை என்று சொல்வதே அதிகம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், மூடியில்லாத ஒரு சிபியு, அதற்கு ஒரு பழைய மானிட்டர். போர்டு கிடையாது. படித்தது பத்தாவது. அவருடைய மாமியார் வீட்டில் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. புடவை பார்டருக்கு டிசைன் போடுவதற்காகத்தான் முதலில் கம்ப்யூட்டர் வாங்கினாராம். ஒரு பார்டர் முழுக்க அன்னம் வரைந்து, கடைசி அன்னத்துக்கு மூக்கு வைக்கும்போது மெஷின் உறைந்து மொத்தமும் போனதாம். அன்றைக்கு ரேம் மேல் ஏற்பட்ட சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

சந்தேகம் என்றால் சாதாரணச் சந்தேகம் இல்லை. எந்தக் கம்பெனிப் பெயரைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"கம்பெனி பேர வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? ரேமக் கொண்டா."

கொண்டு போனால் மூன்று நாள் வாங்கி வைத்துக்கொள்வார். மூன்று நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு மேல்தான் அதைத் தன் மெஷினில் செருகுவார். ரேமைச் சோதிக்கிற புரோகிராம் ஒன்று, நீலத் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஓட விட்டுவிட்டு மின்விசிறியை நிறுத்திவிடுவார். சித்திரை வைகாசியில் அந்தக் கூரைக்குக் கீழே ரெண்டு நிமிஷம் நிற்க முடியாது. அக்கா பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருப்பார்.

"காலீல எட்டு மணிக்கு எல்லா ரேமும் நல்ல ரேம்தான்" என்பார். "ரெண்டு மணி வெயில்ல எது நிக்குதுன்னு பாக்கணும். ஏசி ரூம்ல டெஸ்ட் பண்ணி அனுப்பறான், நம்ம வூட்ல ஏசியா கீது?"

நாலாம் நாள் தீர்ப்பு. "நல்லா கீது" அல்லது "வோணாம்." சில சமயம், "தெரியல, இன்னும் ரெண்டு நாள் வெச்சுட்டுப் போ." இந்த "தெரியல" என்னை எரிச்சல் படுத்திய அளவுக்கு வேறெதுவும் படுத்தியதில்லை. நான் ஒரு நாள்கூடக் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்கிறவளிடம் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், எல்லாம் தெரிந்தவன் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கே போய்ச் சொல்ல?

இன்னொன்று உண்டு. பெரிய மெஷின்களுக்கு ரேமை ஜோடியாகப் போடுவோம். அந்த ஜோடி விஷயத்தில் அக்காவுக்கு ஒரு கண்டிப்பு.

"ரெண்டும் ஒரே தொட்டியா?" என்று கேட்பார்.

தறிக்காரர்கள் பேச்சு அது. ஒரே அரக்கு நிறம்தான் என்றாலும், ஒரே தொட்டியில் சாயம் போடாத நூலை ஒரு புடவைக்குள் விட்டால், நெய்து முடித்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கும்போது குறுக்கே பட்டையாகத் தெரிந்துவிடுமாம். ரேமுக்கும் அதே நியாயம் என்பது அவர் கட்சி. இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியை மடக்கிலிருந்து பிரித்து வைத்து, ரேமின் மேலிருக்கும் கறுப்புச் சில்லுகளில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை ஒவ்வொன்றாகப் படிப்பார். ரெண்டிலும் ஒரே எழுத்து இருந்தால்தான் ஜோடி. இல்லாவிட்டால் ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே டப்பாவாக இருந்தாலும் தள்ளிவிடுவார்.

"ரேம் என்ன பட்டுப் புடவையா?" என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போவார்கள்.

எனக்கு முதன்முதலில் வயிறு எரிந்தது ஒரு ஆயுத பூஜை முடிந்த மறுநாள். ஸ்டேட் பேங்க் தெருவிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூஜை போட்டதிலிருந்து உயிரே இல்லை என்றார். நான் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, புதுசுதான் போட வேண்டும் என்றேன். மறுநாள் அதே ஆள் எதிர்க்கடையிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறார். நடந்தது இதுதான்: பக்தி மிகுதியில் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ரேமுக்கும் வைத்திருக்கிறார்கள், பொட்டு அதைச் செருகுகிற ஓரத்துத் தங்கப் பல்லில் இறங்கிவிட்டது. அக்கா ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் நாலு தேய் தேய்த்துச் செருகினாராம். வந்துவிட்டது.

அடுத்த வருஷத்திலிருந்து பூஜைக்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். "பொட்டு வெளியில வையி நைனா. உள்ள கீறது சாமி இல்ல." இதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குங்குமத்தை நானும்தான் பார்த்தேன். பார்த்தும் அது எனக்குக் குங்குமமாகத் தெரிந்ததே தவிரக் கோளாறாகத் தெரியவில்லை.

வெளியாட்கள் போவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மைத்துனன் கேம் ஆடுவதற்காக ஒரு மெஷின் கட்டினான். எல்லாப் பாகமும் என் கடையில்தான் வாங்கினான், வாங்கியாக வேண்டும். உள்ளே கலர் லைட் எரிகிற ரேம் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினான். வாங்கிய கையோடு ரோட்டைத் தாண்டினான். நான் என் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது.

"ரேமுக்கு எதுக்குடா சீரியல் லைட்டு? தேர் இழுக்கப் போறியா?"

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் குதித்தேன். உன் தம்பிக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கத்தினேன். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "கோச்சுக்காதீங்க. எதுக்கும் அந்தக்கா கையில ஒரு தபா காட்டிட்டா இன்னா கெட்டுப் போச்சு?" என்றாள். எழுந்து கை கழுவிவிட்டேன். சாப்பிடாமலேயே.

அப்போது எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். சீனு. சாலவாக்கத்துக்காரன், கல்யாண வீடியோ எடுப்பவன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நேராக என் கடைக்கு வருவான். எதை எடுத்துக் கொடுத்தாலும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டான். "நீ சொன்னா சரிண்ணா" என்பான். எதிர்க்கடையை யாராவது காட்டினால், "எனக்கு எதுக்கு அந்தக்கா? அதான் அண்ணன் கீறாரே" என்பான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. அக்காவை ஒரு முறையாவது நாலு பேர் முன்னால் தடுக்கி விழ வைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் ரேம் கம்பெனிகளை ஸ்டிக்கர் நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். சிவப்பு பேர் போன கம்பெனி, விலை கூட. பச்சை அப்போதுதான் வந்தது, விலை குறைவு, யாரும் மதிக்க மாட்டார்கள். நான் என் மனைவியின் தலை காய வைக்கிற மெஷினால் சூடு காட்டி, ஒரு சிவப்பு ரேமின் ஸ்டிக்கரையும் ஒரு பச்சை ரேமின் ஸ்டிக்கரையும் பதமாக உரித்தேன். சிவப்பு ஸ்டிக்கரைப் பச்சை ரேம் மேல் ஒட்டினேன். பச்சை ஸ்டிக்கர் சும்மா கிடக்கிறதே என்று அதைச் சிவப்பு ரேம் மேல் ஒட்டி மேஜை டிராயருக்குள் போட்டேன். சிவப்பு வேஷம் போட்ட பச்சையை, தாமலிலிருந்து வந்திருந்த என் பழைய வகுப்புத் தோழன் கையில் கொடுத்து அக்காவிடம் அனுப்பினேன்.

மூன்று மத்தியானம் நான் என் கடையில் உட்கார்ந்து அவர் வேர்ப்பதைப் பார்த்தேன். நாலாம் நாள் அங்கே கேம் ஆடுகிற இளவட்டங்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நல்ல சமயம் என்று நானும் போய் நின்றேன். அக்கா என் தோழனிடம் ரேமை நீட்டி, "நல்லா கீது. தாராளமா போடு" என்றார்.

"நல்லா கீதா?" என்று நான் சத்தமாகக் கேட்டேன். "என்ன கம்பெனிக்கா அது?"

"ஏன் தம்பி?"

"ஸ்டிக்கர் மட்டும்தான் சிவப்பு. உள்ளே இருக்கிறது பச்சை. நானே மாத்தி ஒட்டினேன். மூணு நாள் வெச்சுப் பாத்தும் உங்களால கண்டுபிடிக்க முடியல பாருங்க!"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் காலண்டர் அட்டையைக் கீழே வைத்தார். கோபமில்லை, அவமானமில்லை, கணக்கு வாத்தியார் தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அது பச்சைன்னு மொத நாளே தெரியும். சில்லு எழுத்து வேற கீதே. இந்தப் பையன் இன்னா கம்பெனின்னா கேட்டான்? நல்லா கீதான்னு கேட்டான். நல்லாத்தான் கீது."

அப்புறம் அங்கே எழுந்த சிரிப்பு ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். என் தோழனும் சேர்ந்து சிரித்தான். நான் கிளம்பும்போது அக்கா மட்டும் சிரிக்காமல் குரலைத் தணித்துக் கேட்டார்.

"பச்சை ஸ்டிக்கர இன்னா பண்ண? இன்னொண்ணு மேல ஒட்டி வெச்சுக்கீறியா? அத்த உரிச்சுப் போட்டுடு தம்பி. தெரியாம யாருக்கானா போயிரப் போவுது."

நல்ல புத்திதான் சொன்னார். அவர் சொன்னதாலேயே நான் செய்யவில்லை. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும், உரிக்கலாம் என்று நினைப்பேன், அவர் குரல் ஞாபகம் வரும், டிராயரை மூடிவிடுவேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அக்கா வாயால் நல்லா கீது என்று வந்துவிட்டதால் ஊரில் எல்லோரும் பச்சை ரேம் கேட்க ஆரம்பித்தார்கள். பச்சை வைத்திருந்தது என் கடை மட்டும்தான். என் கடையில் அந்த மாதம் நடந்த வியாபாரம் முன்னே பின்னே நடந்ததில்லை. ஒவ்வொரு பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போதும் இது அவர் போட்ட பிச்சை என்று உள்ளே ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

தை பிறந்து கல்யாணங்கள் குவிந்தபோது சீனு ஓடி வந்தான். மெஷின் மெதுவாக இருக்கிறது, ஒரு ஜோடி பச்சை வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றான். கடையில் அசல் பச்சை ஒன்றுதான் மிச்சம். புதுச் சரக்கு திங்கட்கிழமை வரும். திங்கட்கிழமை வா என்று சொல்லியிருந்தால் சீனு மறுபேச்சில்லாமல் போயிருப்பான்.

நான் டிராயரைத் திறந்தேன். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அந்தச் சிவப்பு ரேம் இருந்தது. ரெண்டும் ஒரே வேகம், ரெண்டும் நல்ல ரேம். ஒரே தொட்டி இல்லை, அவ்வளவுதானே? இந்த ஜோடி ஒரு மாதம் ஓடிவிட்டால் போதும், அந்த அக்காவின் தொட்டிக் கதையெல்லாம் சும்மா என்று ஊருக்கே சொல்லலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என்னை நம்பிய ஒரே ஆளை வைத்து அவரைப் பொய்யாக்கப் பார்த்தேன்.

"அசல் ஜோடிதானேண்ணா?" என்றுகூட அவன் கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பத்துப் பதினோரு நாள் ஓடியது. நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் சீனு போன் செய்தான். மத்தியானமானால் உறைந்துபோகிறது, ஒரு கல்யாண வீடியோவில் பாதி போய்விட்டது என்றான். வைரஸாக இருக்கும் என்றேன். மெஷினைக் கொண்டு வந்தான், எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். நாலு நாளில் திரும்ப வந்தான். எடிட்டிங் சாப்ட்வேர் சரியில்லை என்றேன். "நீ சொன்னா சரிண்ணா" என்றான். அந்த வார்த்தை அன்றைக்கு எனக்கு இனிக்கவில்லை.

ரேமை மாற்றிக் கொடுத்திருக்கலாம். புதுச் சரக்கு வந்து அலமாரி நிறையக் கிடந்தது. மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை, எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக மாற்றவில்லை.

மூன்றாவது முறை உறைந்தபோது சீனு எனக்குப் போன் செய்யவில்லை. ஒரு மத்தியானம் சாலவாக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ எதிர்க்கடை வாசலில் வந்து நின்றது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் சீனு. அவன் என் கடைப் பக்கம் திரும்பவேயில்லை. பெரியவர் குரல் எனக்குக் கேட்டது.

"எம் பொண்ணு வெள்ளிக்கெழம புருசனோட மஸ்கட் போவுதும்மா. அதுக்குள்ள கல்யாணத்த ஒரு தபா பாத்துட்டுப் போணும்னு அழுதுக்கினு கீது. இந்தப் புள்ளய கேட்டா மெசினு பேஜார் பண்ணுதுன்றான். நீ பாத்தா சரியாப் பூடும்னாங்க."

மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். பச்சை ஸ்டிக்கரை யார் எதன் மேல் ஒட்டினார்கள் என்று இந்த உலகத்தில் என்னைத் தவிரத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஐந்தாறு பேர் முன்னால் அவரை விழவைக்கப் பார்த்தவன் நான். இப்போது அவர் முறை.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ரெண்டு ரேமையும் கழற்றினார். பூதக்கண்ணாடியைப் பிரித்தார். ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், முதலாவதைத் திரும்பப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம், நேராக என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. குனிந்து பெரியவரிடமும் சீனுவிடமும் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சீனு ரோட்டைத் தாண்டி வந்தான். நான் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். திட்டப் போகிறான், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்தது வெட்கம்.

"கோச்சுக்காதண்ணா. நான் போவலன்னுதான் சொன்னேன். பொண்ணோட அப்பாதான் வலுக்கட்டாயமா இட்டாந்துட்டாரு" என்றான். "உம் மேல ஒண்ணும் தப்பு இல்லியாம். ரெண்டு ரேமும் நல்ல ரேமாம், ஜோடிதான் சேரலியாம். பாக்கெட்ல மாறி வந்துட்டு இருக்கும், அது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்னு சொல்லிச்சு. வேற எங்கயும் போவாத, வாங்குன எடத்துலயே மாத்திக்கோ, அவர நம்பலாம்னு சொல்லிச்சுண்ணா. அந்தக்காவே சொல்லிச்சு!"

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. தனக்குப் பிடித்தவனை ஊருக்குப் பிடித்தவர் பாராட்டிவிட்டார் என்று அவனுக்குப் பெருமை. நான் அலமாரியிலிருந்து புது ஜோடி எடுத்துப் பிரித்து, சில்லின் எழுத்து ரெண்டிலும் ஒன்றுதானா என்று பார்த்தேன். வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்துக் கொடுத்தேன். மெஷின் அதற்கப்புறம் உறையவில்லை. வியாழக்கிழமை வீடியோ முடிந்து பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மறுநாள் காலை, கூட்டம் சேருவதற்கு முன்னால் ரோட்டைத் தாண்டிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் ஜெராக்ஸ் மெஷினுக்குள் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?" என்றேன். "பாக்கெட்ல மாறலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான்தான் போட்டேன்னு சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு அது நல்ல சமயம்தானே?"

அக்கா பேப்பர் கட்டைத் தட்டி ஓரம் சேர்த்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு எத்தினியோ பேர் வராங்க தம்பி. உனக்கு அவன் ஒருத்தன்தான கீறான்" என்றார். "அவனும் பூட்டான்னா இன்னா பண்ணுவ?"

குத்திக் காட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் குரலில் கேலி இல்லை, என் மேல் உண்மையான கவலைதான் இருந்தது. என்னைத் திருடன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால்கூட இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். எனக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் எண்ணி வைத்திருந்ததை மறக்க முடியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

சீனு இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறான். இப்போது ஸ்டுடியோ பெரிதாகிவிட்டது, நாலு மெஷின் வைத்திருக்கிறான், கூடப் புதுப் புது ஆட்களையும் அழைத்து வருகிறான். "நீ சொன்னா சரிண்ணா" என்று அவன் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகிறது. வருகிறவர்கள் வாசலில் தயங்கினால் அவர்கள் தோளில் கை போட்டு உள்ளே தள்ளுகிறான். "தைரியமா வாங்கு. அந்தக்காவே இவர நம்பலாம்னு சொல்லிக்கீது" என்கிறான். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன்.